இருமுகமும் தமிழாக நிற்கட்டும்!

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எங்கள் சிற்றூர்ப் படிப்பகத்திற்கு நாங்கள் நட்ட முதற் பெயர்ப்பலகை ஈராண்டுகூட நிற்கவில்லை. முதற் கோடையில் பிளந்தது. அடுத்த ஐப்பசிக் காற்றில் சாய்ந்தது. பார்த்துச் சிரித்தவர்கள் 'தச்சுவேலை சரியில்லை' என்று சொல்லவில்லை; 'தமிழ்ப் பலகைதானே!' என்றார்கள். அன்று பட்ட நாணமே இன்று என்னைப் பேச வைக்கிறது. தமிழில் பலகை வைப்போம் என்று முழங்கினால் போதாது. வைத்த பலகை நிற்கவும் வேண்டும்.

பொதுவழியில் எழுத்தைச் செதுக்கி நிறுத்துவது நமக்குப் புதிதன்று. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லை எண்ணிப் பாருங்கள். நாவற்றாவளத்திற்கு 29 காதம் என்னும் தொலைவை, எழுத்தறியாதவரும் அறியுமாறு பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதுமாக அதில் வெட்டியிருக்கிறார்கள். வழிப்போக்கனை நினைத்துச் செதுக்கிய கை அது. நாமும் அவனையே நினைக்க வேண்டும்.

வழிப்போக்கர் இருபுறமிருந்தும் வருவர். ஆகவே பலகை சாலைக்குக் குறுக்காக, இருமுகமும் செதுக்கியதாக நிற்க வேண்டும். சிலர் முன்முகத்தில் தமிழும் பின்முகத்தில் ஆங்கிலமும் பொறிக்கின்றனர். மேற்கிருந்து வருபவனுக்குத் தமிழூர். கிழக்கிருந்து வருபவனுக்கு அயலூரா? கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்பது தமிழ்நாட்டில் அரசு விதி. நம் பலகையில் இருமுகத்திலும் தமிழ் மேலே, பெரிதாக நிற்கட்டும். வேற்றுமொழி வேண்டுமெனில் கீழே, சிறிதாக அமையட்டும்.

இனிச் செய்முறை. முற்றிய, நன்கு உலர்ந்த, வயிரமுள்ள தேக்கைத் தேர்க. கனம் ஈரங்குலம் இருக்கட்டும். ஒரு முகத்தில் அரை அங்குலத்திற்கு மேல் வெட்டவேண்டா. இருபுற வெட்டும் நடுவில் நெருங்கினால் பலகை வலுவிழக்கும். எழுத்தைத் தட்டையாகக் குடையாமல், இரு சரிவுகள் அடியில் கூடுமாறு வெட்டுக. மழைநீர் தங்காது, நிழல் விழுந்து எழுத்தும் எடுப்பாகத் தெரியும். ஓரங்குல உயர எழுத்து பத்தடித் தொலைவில் நன்கு தெரியும் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. நாற்பதடிக்கு நான்கங்குலம் வேண்டும்.

நம் எழுத்து வளைவும் சுழியும் மிக்கது. ண, ஞ, இ போன்றவற்றில் சுழிக்குள் எஞ்சும் சிறு மரம் எளிதில் பெயர்ந்துவிடும். கூரிய உளியால், கொட்டாப்புளியை மெல்லத் தட்டிச் செதுக்குக. மெய்யெழுத்தின் புள்ளியை மறவாதீர்! மையில் விட்ட ஒற்றை மறுநாள் திருத்தலாம். மரத்தில் விட்ட ஒற்று, பலகை உள்ளவரை நம்மை நகைக்கும்.

எங்கள் பலகை பிளந்த கரணியம் என்ன? நான்கு மூலையிலும் இறுக முடுக்கியதே. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதுவும் நாருக்குக் குறுக்காகவே மிகுதி. எனவே இரு தூண்களிலும் காடி வெட்டி அதில் பலகையை இறக்குக. உயரத்தின் நடுவில் மட்டும் பக்கத்திற்கு ஓர் ஆணி போதும். மேலும் கீழும் சற்று இடம் விடுக. காடியின் அடியில் நீர் வடியத் துளையும், பலகையின் தலைமேல் சரிவான மூடியும் வேண்டும். இருமுகத்திற்கும் விளிம்பிற்கும் ஒரே அளவாக எண்ணெய் பூசுக. ஒருமுகம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

அது சாய்ந்த கரணியமோ எங்கள் அறியாமை. ஓரடிப் பள்ளத்தில் மரக்கால் நட்டோம்; மண்மட்டத்தில் இற்றுப்போயிற்று. சென்னையில் கட்டுமானத்திற்குக் கணக்கிடும் காற்றின் விரைவு நொடிக்கு 50 மீட்டர். அவ்விரைவில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். நான்கடி நீளமும் ஈரடி உயரமும் உள்ள சிறு பலகையையே நூறு கிலோவிற்கு மேற்பட்ட சுமை தள்ளுமன்றோ! கருங்கல் தூணே நம் மண்ணுக்கு ஏற்றது. கறையான் அதை அண்டாது. ஒன்பதடித் தூணில் மூன்றடி மண்ணுக்குள் இறங்கட்டும். குழியடியில் சரளை இட்டு, தூக்குக்குண்டால் நேர்பார்த்து, சிமிட்டிக் கற்காரை நிரப்புக.

இவ்வாறு நட்ட இரண்டாம் பலகை புயலிலும் அசையவில்லை. இன்று வழி கேட்பவர்க்கு எங்கள் ஊரார், 'அந்தத் தமிழ்ப் பலகை நிற்குமிடத்தில் திரும்புங்கள்' என்கிறார்கள். அன்று இகழ்ச்சியாய் வந்த அதே சொல் இன்று அடையாளமாயிற்று. உங்கள் ஊரிலும் அவ்வாறே ஆகட்டும்.

வாழ்க தமிழ்!