வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி

பட்டம் பெறும் இளைஞர்களே, அவர்களைப் படிக்கவைத்து இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே!

நான் பந்தயக் கார்ப் பொறியாளன். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் டூரிங் கார்களுக்கு செட்டப் பார்ப்பதுதான் என் தொழில். டூரிங் கார் என்பது வேறொன்றுமில்லை, உங்கள் தெருவில் நிற்கும் அதே காரின் உருவம்தான். உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்தியிருப்போம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்று முதல் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பிள்ளைகள் பந்தயத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது, உங்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு மனிதரைப் பற்றி. கேப்ரியேல் தர்குவினி. இத்தாலிக்காரர், 1962இல் பிறந்தவர்.

அவர் 1987இல் ஃபார்முலா ஒன்னுக்குள் வந்தார். அப்போது அங்கே கூட்டம் அதிகம். 1989இல் 39 கார்கள் பதிவாகியிருந்தன. பந்தயத்தில் நிற்க இடம் 26க்குத்தான். அதனால் சின்ன அணிகளை வடிகட்ட, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரச் சுற்று வைத்தார்கள். 13 கார்கள் ஓடும். முதல் நான்கு பேர் தகுதிச் சுற்றுக்குள். மற்ற ஒன்பது பேரும் ஒன்பது மணிக்குச் சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். ரசிகர்கள் முழுதாக வந்து சேர்ந்திருக்கக்கூட மாட்டார்கள்.

தர்குவினி ஓட்டியது ஏ.ஜி.எஸ். என்ற பிரெஞ்சு அணிக்கு. ஒரு சிற்றூரின் கார் பட்டறையிலிருந்து வளர்ந்த அணி அது. 1989இல் மெக்சிகோவில் ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். அதே ஆண்டின் பிற்பாதியில் அணி அந்தக் காலை எட்டு மணிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டது. பிறகு அந்த ஆண்டு முழுக்க ஒரு பந்தயத்திலும் அவரால் களமிறங்க முடியவில்லை. மொத்தக் கணக்கைச் சொல்கிறேன்: 78 பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்தார், 38இல் ஓட்டினார், வாழ்நாள் புள்ளி ஒன்று. அந்த எட்டு மணிச் சுற்றில் மட்டும் 25 முறை வெளியேறினார். வேறு யாரும் அத்தனை முறை வெளியேறியதில்லை.

உங்களில் சிலருக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை என்று துறைத்தலைவர் சொன்னார். இந்தக் கணக்கை அவர்களுக்காகத்தான் சொன்னேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு பொறியாளனாக அந்த ஆண்டுகளை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கையில் சுமாரான கார். நேரம் ஒரே ஒரு மணி. நாலு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும், எதை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லியாக வேண்டும். அங்கே சுற்றி வளைக்க நேரம் கிடையாது.

இது என் நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கார் பிட்டுக்குள் வந்து நின்றதும் நாங்கள் ஓடிப்போய் டயரில் ஊசி குத்துவோம். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் வெப்பம் பார்ப்போம். ரப்பர் உருகி விரலில் ஒட்டும். டயர் தன் கதையைச் சொல்லிவிடும். ஓட்டுநர் தன் கதையைச் சொல்ல வேண்டுமே! "வண்டி சரியில்ல சார்" என்பார் ஒருவர். டாக்டரிடம் போய் "உடம்புக்கு முடியல" என்று மட்டும் சொன்னால் அவர் எதற்கு மருந்து எழுதுவார்? இன்னொருவர் வருவார்: "மூணாவது வளைவுல பிரேக்கை விடும்போது பின்பக்கம் விலகுது சார், ஆக்சிலரேட்டர் கொடுத்தா நேராயிடுது." இவர் எனக்கு மூன்று செய்தி கொடுத்துவிட்டார்: எந்த இடம், எந்த நொடி, எப்போது சரியாகிறது. முன்சக்கரம் இழுக்கிற காரில் பின்பக்க ஆன்டி-ரோல் பாரை, அதாவது கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியை, கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று எனக்குப் புரிந்துவிடும். முதலாமவர் அரை நொடி வேகமானவராக இருக்கலாம். நான் இரண்டாமவரைத்தான் அணியில் வைத்துக்கொள்வேன். இந்தக் காலத்தில் சென்சார் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது, ஓட்டுநர் வாய் திறக்க வேண்டுமா என்பார்கள். வேண்டும். கோடுகள் நிறைந்த அந்தத் திரையில் எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று சொல்ல ஆள் வேண்டும்.

என் மாணவப் பருவத்தில் பந்தயம் என்றால் சோழவரம். பழைய விமானத் தளம். விடுதியிலிருந்து கிளம்பி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். நண்பர்கள் வேலியோரம் நின்று கூச்சல் போடுவார்கள். நான் மெக்கானிக்குகள் பக்கம் போய் நின்றுகொள்வேன். கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்த காலம் அது. கையில் இருப்பதை வைத்து எவ்வளவு செய்யலாம் என்று எங்கள் தலைமுறைக்குக் காட்டியவர் அவர். அவரை நினைக்காமல் இந்தத் துறையைப் பற்றி என்னால் பேச முடியாது.

தர்குவினிக்கு வருகிறேன். 1994இல் ஆல்ஃபா ரோமியோ 155 காரில் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன் ஆனார். அந்தக் காரின் பின் இறக்கையைப் பற்றிப் போட்டி அணிகள் பெரிய சண்டை போட்டன, அது ஒரு தனி வரலாறு. 2003இல் ஐரோப்பிய சாம்பியன். டூரிங் கார் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஜெயித்தவர் காரில் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றுவார்கள். இன்று முன்னால் போனவன் நாளை சுமையோடு ஓட வேண்டும். அந்த ஆட்டத்தில் ஓராண்டு பளிச்சென்று வந்து போகிறவர் நிலைக்க முடியாது. 2008இல் உலகப் பட்டத்தில் இரண்டாமிடம். 2009இல், 47 வயதில், சியட் டீசல் காரில் நான்கே புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன். 1957இல் 46 வயதில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற ஃபான்ஜியோவைவிட மூத்த உலக சாம்பியன்.

பிறகு ஹூண்டாய் நிறுவனம் ஐ30 என் என்ற பந்தயக் காரை உருவாக்கியபோது, சோதனை ஓட்டத்துக்கு யாரை அழைத்தது தெரியுமா? 55 வயது தர்குவினியை. வேகமான இளைஞர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். புதுக் காருக்குத் தேவைப்பட்டது, அது என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தவர். 2018இல் அதே காரில் மக்காவ் நகரத் தெருக்களில் அந்த ஆண்டின் கடைசிப் போட்டி. 6.12 கிலோமீட்டர் சுற்று, குறுகிய இடத்தில் சாலையின் அகலமே ஏழு மீட்டர்தான். பட்டத்துக்குப் போட்டியிட்ட இவான் முல்லரை மூன்று புள்ளியில் முந்தி, 56 வயதில் மீண்டும் பட்டம் வென்றார். முல்லரும் அதே ஐ30 காரில்தான் ஓட்டினார். தர்குவினி 2021 முடிவில் ஓய்வு பெற்றார்.

நண்பர்களே, எங்கள் அணியின் சோதனை ஓட்டங்கள் வார நாட்களில் நடக்கும். கைதட்டல் இருக்காது, கேமரா இருக்காது, வெயில் இருக்கும். அந்த வேலைக்கு எனக்கு ஆள் தேவைப்படுகிறது. மெக்கானிக்கல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. எலக்ட்ரானிக்ஸ், கணிதம் படித்தவர்களும் வரலாம். மதிப்பெண் பட்டியல் கேட்க மாட்டேன். ஒரு நாள் பிட்டில் நின்று, கார் என்ன செய்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள், அதை வைத்து முடிவு செய்கிறேன். என் முகவரியைப் பதிவாளரிடம் கொடுத்திருக்கிறேன்.