முதுகுன்றத்திற்கு வழி கேட்டவர்

(கருவேப்பிலங்குறிச்சியில் கும்பாபிஷேக விழாவையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் சமய நூல்களைத் துறைபோகக் கற்ற பெரியோர் பலர் பேசினார்கள். அவர்கள் வரிசையில் நிற்கும் தகுதி அடியேனுக்கு இல்லை. எழுபத்தெட்டு வயது நிரம்பிய ஒரு சாமானியன் நான். "ஊரில் மூத்தவர், நாலு வார்த்தை பேச வேண்டும்" என்று விழாக் குழுவினர் பணித்தமையால் எழுந்து நிற்கிறேன். கற்றதைச் சொல்ல வழியில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இளமையில் எனக்கிருந்த ஆசை ஒன்றே. பண்ணோடு தேவாரம் பயின்று, ஏதேனும் ஒரு சந்நிதியில் ஓதுவாராக நிற்க வேண்டும் என்பது அது. தந்தையார் திடீரெனக் காலமானார். இரண்டு தங்கையரும் தாயாரும் என் கையை நோக்கினர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். "தங்கையர் திருமணம் முடியட்டும், பிறகு பாடம் கேட்கலாம்" என்று எண்ணினேன். அந்தப் பிறகு வரவேயில்லை. நாற்பது ஆண்டுகள் களிமண்ணோடு கழிந்தன.

அத்தொழிலில் வெள்ளை மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் வார்ப்பார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்புறத்தில் படிந்து உருவம் கொள்ளும். உலர்ந்த உருவத்தில் கோணல் கண்டால் உடைத்து நீரிலிட்டு மறுபடியும் கரைத்துக்கொள்ளலாம். சூளையில் வெந்த பின்போ அதைக் கரைக்க இயலாது. முதுமையும் அத்தகையதே என்று பலநாள் எண்ணி வருந்தியிருக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. என் இல்லாள் மணமாகி வந்த ஆண்டிலிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: காசி யாத்திரை. மெருகு சரியாகப் பிடிக்காமல் கழித்துப் போட்ட பீங்கான் சாடி ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் அவள் காசு சேர்த்தாள். தங்கையின் சீருக்கு ஒருமுறை, மகனின் படிப்புக்கு ஒருமுறை, தாயாரின் மருத்துவத்திற்கு ஒருமுறை என்று அந்தச் சாடி காலியாகிக்கொண்டே இருந்தது. அவள் முகம் வாடும்போதெல்லாம், "விருத்தகாசி பக்கத்திலேயே இருக்கிறது. காசிக்கு வீசம் அதிகம் என்பார்களே, அங்கே எதற்குப் போக வேண்டும்?" என்று கூறுவேன். பெரியோர் பக்தியினால் சொன்ன சொல் அது. நானோ என் வெறுங்கையை மறைக்க அதைத் திரையாகப் பயன்படுத்தினேன்.

முடிவில் அவள், "மணிமுத்தாற்றங்கரைக்காவது ஒருநாள் சேர்ந்து போய் வரலாமா?" என்று கேட்டாள். அன்று வயலில் நடவு. "அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு அவள் இல்லை.

அன்பர்களே, அதன்பின் எனக்கு ஆறுதலாய் நின்றது சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடியருளிய பெரியபுராணத்தில் அது வருகிறது. வெள்ளாறும் மணிமுத்தாறும் கூடுமிடத்தில் உள்ள திருக்கூடலையாற்றூர் நம் பகுதியைச் சேர்ந்ததே. அவ்வூரின் அருகே வந்தும் அங்குச் செல்லாமல் சுந்தரர் திருமுதுகுன்றத்தை நோக்கி நடந்தார். எதிரே ஒரு வேதியர் நின்றார். அவரிடம் முதுகுன்றத்திற்கு வழி கேட்டார் சுந்தரர். வேதியரோ, இது கூடலையாற்றூருக்குப் போகும் வழி என்று சொல்லித் தாமும் உடன் நடந்தார். சிறிது தூரம் சென்றதும் அவரைக் காணோம். உடன் வந்தவர் இறைவனே என்பதை அப்போதுதான் சுந்தரர் உணர்ந்தார். அந்த அதிசயத்தைப் பதிகமாகப் பாடினார்.

இவ்வரலாற்றை நடுவயதில் கேட்டபோது எனக்குக் கோபமே உண்டாயிற்று. 'தோழர் கேட்டதற்கே வேறு வழி காட்டிய பெருமான், என் போன்றவனுக்கு எதைத்தான் நேராகக் காட்டுவார்?' என்று நொந்துகொண்டேன். சுந்தரர் பின்னர் முதுகுன்றமும் சென்று பழமலைநாதரைப் பாடினார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்ட ஊருக்கு நான் இன்றுவரை சென்று சேரவில்லையே!

இப்போது அதே வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. கேட்ட ஊர் கிடைத்ததா இல்லையா என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேளாத வழியில் என்னோடு நடந்தவர் யார் என்று பார்க்கவில்லை. முதுகுன்றத்தில் உயிர் நீப்போர்க்கு அம்பிகை தன் முன்றானையால் விசிறி இளைப்பாற்றுவாள் என்பது தலபுராண மரபு. சூளையின் வெப்பத்தில் வெந்து இரவில் வீடு திரும்பிய என்னை நாற்பது ஆண்டுகள் முந்தானையால் விசிறியவள் ஒருத்தி இருந்தாள். மறைந்த பின்பே அவளை அறிந்தேன். சுந்தரரும் உடன் வந்தவர் மறைந்த பின்பே அறிந்தார். அவர்க்குப் பாடப் பதிகம் இருந்தது. எனக்கு இந்த நாலு வார்த்தைகளே உள்ளன.

ஆதலால் இளையோர்க்கு ஒரு விண்ணப்பம். நினைத்தது நடக்கவில்லையே என்று ஏங்குவது மனித இயல்பு. அதை நான் குறை சொல்லேன். ஆனால் அந்த ஏக்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். உடன் வருபவர் முகத்தை அவர் இருக்கும்போதே பாருங்கள். ஆற்றங்கரைக்கு அழைத்தால் அன்றே செல்லுங்கள்.

அவள் சென்றபோது அந்தச் சாடியில் கொஞ்சம் பணம் இருந்தது. பல ஆண்டுகள் அதைத் தொட மனம் துணியவில்லை. இத்திருப்பணி தொடங்கியபோது, அஷ்டபந்தன மருந்துக்கென்று அதைக் கொடுத்தேன். தெய்வத் திருமேனியைப் பீடத்தோடு அசையாமல் பிணிப்பது அம்மருந்து; வழிபட வருவோர் கண்ணில் அது படுவதில்லை. அவள் வாழ்வும் அப்படித்தான் இருந்தது. இதனால் என் கடன் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அது தீராது. ஆயினும் தீபாராதனையின்போது கைகூப்பி நிற்கையில், தனியே வந்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுவதில்லை.

அன்பர்களே, உங்களுள் கேட்டது கிடைத்தவர்களும் இருப்பீர்கள், கிடைக்காதவர்களும் இருப்பீர்கள். பழமலைநாதரும் பெரியநாயகி அம்மையும் இருசாரார்க்கும் வழித்துணையாய் நின்று அருள்புரிய வேண்டுமென்று இறைஞ்சி அமைகிறேன்.