மனை வாங்கும் முன் செல்போனில் பாருங்கள்: கோவில்பட்டியில் ஒரு பேச்சு

(கோவில்பட்டியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சாயங்கால நேரம், வீட்டு வேலையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நீட்டி முழக்காம விஷயத்துக்கு வந்துடுறேன்.

உங்க எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல ஒரு புலப்படம் பார்க்கணும்னா தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடக்கணும். இன்னைக்கு டீக்கடையில உட்கார்ந்தே பார்த்துடலாம். ஆனா நம்ம ஆளுங்க பத்து லட்ச ரூபாய் மனையை, அந்தப் போன்ல வந்த விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்குறாங்க. அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நம்ம ஊர் 1964-ல் நகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள்ள மட்டும் சுமார் 95 ஆயிரம் பேர். ஆனா உண்மையான கோவில்பட்டி அந்த எல்லையோட நிக்கலைன்னு உங்களுக்கே தெரியும். இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம், மந்தித்தோப்பு, நாலாட்டின்புதூர்னு நாலு பக்கமும் ஊர் ஓடிப்போயிருக்கு. நாலுவழிச் சாலை வந்தது, ரயில் வசதி இருக்கு, தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் இருக்கு. 2020-ல் நம்ம கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. சுத்துப்பட்டிக் கிராமத்துல மானாவாரி விவசாயம் கைவிட்டா, பிள்ளைகளைப் படிக்க வைக்க ஜனங்க இங்கதான் வர்றாங்க. வரட்டும். வர்றவங்க எந்த மண்ணு மேல, எந்த இடத்துல வீடு கட்டுறாங்கங்கிறதுதான் கேள்வி.

முதல்ல மண்ணைப் பாருங்க. நம்மது கரிசல். தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். கோடையில காட்டுக்குள்ள நடந்தா வெடிப்புல கால் மாட்டிக்கும். அதே வெடிப்புதான் வருஷம் ரெண்டு கழிச்சு வீட்டுச் சுவத்துல வரும். செம்மண் ஊர்ல போடுற அதே கடைக்காலை இங்க போட்டா நிக்காது. கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணு வரைக்கும் போகணும், இல்லேன்னா அதுக்குத் தகுந்த தூண் அஸ்திவாரம் போடணும். சுவரை ஒட்டித் தண்ணி தேங்க விடக் கூடாது. வீடு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு மண்ணைப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு ஆகுற செலவு, பின்னாடி விரிசலுக்குப் பூசுற செலவை விடக் குறைச்சல்தான்.

அடுத்தது தண்ணி. வருஷம் முழுக்க ஓடுற ஆறு நமக்குக் கிடையாது. குடிக்கிற தண்ணி சீவலப்பேரியில் இருந்து, தாமிரபரணித் தண்ணி, குழாய் வழியா வருது. நம்ம ஊர் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில கொட்டுற மழை. அது போறதுக்கு ஓடை, சேர்றதுக்குக் கண்மாய், ஊரணின்னு பெரியவங்க வச்சிருந்தாங்க. ஊர்ப் பேருலயே ஊரணி இருக்கே, அது சும்மா வச்ச பேரில்லை.

கரிசக்காட்டு ஓடை வருஷத்துல பத்து மாசம் வறண்டு கிடக்கும். வெளியூர்க்காரங்க கண்ணுக்கு அது வெறும் தரிசு. கருவேல முள்ளை ஜேசிபி வச்சுத் தள்ளி, சரள் அடிச்சு, கல்லு நட்டு, கலர் கொடி கட்டினா அது 'நகர்' ஆயிடும். 2023 டிசம்பர் 17, 18-ம் தேதி ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நம்ம ஊர்லயும் சுமார் அரை மீட்டர். வருஷம் முழுக்கப் பெய்யுற மழையில பெரும்பங்கு ஒரு நாள்ல வந்துட்டுது. தண்ணி யாரையும் விசாரிக்கலை, தன்னோட பழைய பாதையில போச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தைச் சொல்றேன். அந்தத் தங்கச்சி தீப்பெட்டி ஆபீசுல வேலை, மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுறார். பன்னிரண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு, "அண்ணாச்சி, ஒரு எட்டு பார்த்துச் சொல்லுங்க"ன்னு வந்தாங்க. சர்வே நம்பரைக் கேட்டேன். அந்தத் தங்கச்சியோட போன்லயே புலப்படத்தை எடுத்தோம். அவங்க மனை பட்டா நிலம்தான், புஞ்சை. ஆனா மனைக்கு முன்னால முப்பதடி ரோடுன்னு காட்டினாங்களே, புலப்படத்துல அந்த இடத்துல ஓடை ஓடுது. அ-பதிவேட்டுலயும் அது ஓடைப் புறம்போக்கு. மனை இருக்கு, ஆனா மனைக்குப் போக வழி இல்லை.

அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு. அந்தத் தங்கச்சி அழுதுச்சு. என்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா அந்தப் பாதியும் போயிருக்காது. டிசம்பர் மழைக்கு மறுநாள் மாப்பிள்ளை அங்க போய்ப் பார்த்தார். கலர் கொடி கட்டின கம்பு மட்டும்தான் தண்ணிக்கு மேல தெரிஞ்சுதாம்.

சரி, நீங்க என்ன பார்க்கணும்? ஒவ்வொண்ணா சொல்றேன், போன்ல குறிச்சுக்கோங்க.

ஒண்ணு. தமிழக அரசோட இ-சேவைகள் தளத்துல பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூணையும் பாருங்க. பட்டாவுல விற்கிறவர் பேர் இருக்கான்னு பாருங்க. உங்க மனையோட சர்வே நம்பரை மட்டும் பார்த்தாப் போதாது. நாலு பக்கமும் ஒட்டி இருக்கிற நம்பர்களையும் பாருங்க. ஓடை, கண்மாய், வண்டிப்பாதை எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். புறம்போக்கான்னு சரிபார்க்கவும் அதே தளத்துல வசதி இருக்கு.

ரெண்டு. பதிவுத்துறைத் தளத்துல வில்லங்கம் பாருங்க. பழைய அடமானம், ஒரே மனையை ரெண்டு பேருக்கு வித்த கதை எல்லாம் அதுல தெரியும்.

மூணு. அனுமதி. 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொன்னா ஏமாந்துடாதீங்க. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட அனுமதி வேணும். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் செல்லாது. அனுமதி எண்ணைக் கேளுங்க, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்க, அந்த வரைபடத்தை இடத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனைப்பிரிவுன்னா ரெரா பதிவு எண்ணும் இருக்கணும். அது இல்லாம விளம்பரமே பண்ணக் கூடாது.

நாலு. ரோடும் பூங்காவும். பெரிய மனைப்பிரிவுல ரோடு போக மிச்ச இடத்துல பத்துல ஒரு பங்கு பொது இடமா விடணும். அதைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிகிட்ட ஒப்படைக்கணும். ஒப்படைக்காத ரோட்டுக்கு விளக்கோ குழாயோ கேட்டா, உள்ளாட்சியில கை விரிப்பாங்க. தானப்பத்திரத்தோட நகலைக் கேட்டு வாங்குங்க. பிற்காலத்துல அந்தப் பூங்கா இடத்தையே யாராவது மனையா வித்தா, உங்க கையில ஆதாரம் இருக்கும்.

"நான் ஏற்கெனவே வாங்கிட்டேனே"ன்னு சிலர் முகத்துல தெரியுது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி விற்பனையான அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்துச்சு. உங்க மனை அதுல வருமான்னு உள்ளாட்சி அலுவலகத்துல விசாரிங்க. ஆனா நீர்நிலை, அரசுப் புறம்போக்கு, பூங்கா இடம் இதுகளை எந்த விதியிலயும் வரன்முறைப்படுத்த முடியாது. பத்திரம் முடிஞ்சிருக்கு, வீட்டு வரி கட்டுறேன், கரண்ட் இருக்கு, இது எதுவும் அங்க உதவாது.

வீடு கட்டுறவங்களுக்கு ஒரு சேதி. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்ட, சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனடி அனுமதி 2024 ஜூலையில இருந்து கிடைக்குது. நல்ல வசதி. ஆனா சான்று சொல்றது நீங்க. தப்பாச் சொன்னா பொறுப்பும் உங்களோடது. மழைநீர் சேகரிப்பும் 2003-ல் இருந்தே கட்டாயம். சீவலப்பேரித் தண்ணியை நம்பி இருக்கிற ஊர்ல, கூரையில விழுற தண்ணியைச் சாக்கடைக்கு அனுப்புறது எந்த ஊர் நியாயம்?

கடைசியா ஒண்ணு. உங்க தெருவுல ஓடையை யாராவது மூடினா, "நமக்கென்ன"ன்னு போகாதீங்க. இன்னைக்கு அங்க மூடினா நாளைக்குத் தண்ணி உங்க வாசல்ல நிக்கும். போட்டோ எடுங்க, சர்வே நம்பரோட 1100-க்குச் சொல்லுங்க, மனு எண்ணை வாங்கி வச்சுக்கோங்க. திட்டம் போடுறது அரசாங்கத்தோட வேலைதான். ஆனா ஓடை எங்க இருந்துச்சுன்னு முதல்ல தெரியுறது, அந்தத் தெருவுல குடியிருக்கிற உங்களுக்குத்தான்.

இப்பவே உங்க வீட்டு சர்வே நம்பரைப் போட்டுப் பாருங்க. போடத் தெரியாதவங்க முன்னால வாங்க, நான் இங்கதான் இருப்பேன்.