புரதங்களின் கூட்டுறவு

ஒரு மனிதரை அறிய விரும்புவோர் அவர் யார் யாரோடு பழகுகின்றார் என்று முதலில் விசாரிப்பர். உயிர்க்கலத்தினுள் இயங்கும் புரதங்களை அறிவதற்கும் இதுவே வழி. புரதம் தனித்து நின்று தொழில் புரிவது அரிது. ஒன்றையொன்று பற்றிச் சேர்வதனாலேயே கலத்தினுள் செய்திகள் பரவுகின்றன; கலம் இரண்டாகப் பிரிகின்றது.

பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவம் ஒரே கலத்தாலாய உயிர். அதனுள்ளும் ஏறத்தாழ 6,000 வகைப் புரதங்கள் உள. அவற்றுள் எது எதனோடு சேர்கின்றது? இதனைக் காண அமெரிக்காவில் ஸ்டான்லி பீல்ட்ஸ், ஒக்-கியூ சோங் என்னும் இருவர் 1989 ஆம் ஆண்டில் ஓர் உபாயத்தை வெளியிட்டனர். பரம்பரையலகொன்றைத் தூண்டும் புரதத்தை அவர்கள் இரு கூறாக்கினர். ஆராயவேண்டிய இரு புரதங்களோடும் ஒவ்வொரு கூற்றை இணைத்தனர். அப்புரதங்கள் ஒன்றையொன்று பற்றினால் பிரிந்த கூறுகளும் அண்மித்து வரும், பரம்பரையலகு விழிக்கும், மதுவம் நீல நிறங் காட்டும். 2000 ஆம் ஆண்டில் இம்முறை கொண்டு 957 இணைப்புகள் ஒருங்கே வெளியிடப்பட்டன.

மற்றொரு முறை தூண்டில் போன்றது. ஒரு புரதத்துக்கு அடையாளமிட்டு, கலத்தைச் சிதைத்து, அதனை வெளியே இழுப்பர். ஒட்டிவரும் துணைப் புரதங்களைத் துண்டாக்கி, அத்துண்டுகளின் திணிவைக் கருவியால் அளப்பர். அவ்வளவு எப்புரதத்துக்கு உரியதென்று கணினி ஒப்புநோக்கிக் கூறும். இவ்விணைப்புகளைக் கோடுகளாக வரைந்தால் வலை போன்ற படம் கிடைக்கின்றது. தொழில் அறியப்படாத புரதமொன்றின் அயலவர் யாவரும் ஒரே தொழிலினராயின், அதன் தொழிலும் அதுவே என ஊகிக்கலாம்.

எனினும், படத்திலுள்ள கோடெல்லாம் உண்மையாகுமா? கலத்தின் வெவ்வேறு பகுதிகளில் வாழ்ந்து ஒருபோதும் சந்திக்காத புரதங்கள், சோதனையில் ஒன்றாக்கப்படும்போது ஒட்டிக்கொள்ளலாம். 2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, மதுவத்தில் அதுவரை கூறப்பட்ட ஏறத்தாழ 80,000 இணைப்புகளை ஒப்பிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளின் ஆதரவைப் பெற்றவை ஏறத்தாழ 2,400 மட்டுமே! எஞ்சியவை யாவும் பொய் என்பதன்று. அவற்றுக்கு இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லை என்பதே பொருள்.

இது ஏட்டளவில் நிற்கும் ஐயமன்று. 2020 ஆம் ஆண்டில் கொரோனா வைரசின் புரதங்களுக்கும் மனிதப் புரதங்களுக்கும் இடையே 332 இணைப்புகள் குறிக்கப்பட்டன. அவற்றின் துணைகொண்டு மருந்து தேடப்பட்டது. பொய்யான கோட்டைப் பின்பற்றினால் காலமும் பொருளும் வீணாகும், நோயாளியோ காத்திருப்பார். ஆதலின் இன்று கணினி ஒவ்வோர் இணைப்புக்கும் உள்ள சான்றுகளை நிறுத்து, நம்பத்தகும் அளவை எண்ணாலே குறிக்கின்றது. பல சாட்சிகளை விசாரித்த பின்னரே தீர்ப்புரைக்கும் நீதிபதியின் பொறுமை, ஆய்வுகூடத்துக்கும் வேண்டியதேயாம்.