சக்கரத்தை எண்ணிய எழுத்தர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பலர் ஏறிய மேடை இது. யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்குப் பிரிவில் ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழித்து வருகின்றோம். ஆதலின் எமக்குத் தெரிந்த எழுத்து வேலையைப் பற்றியே பேச விழைகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டின் கீழ்ப்பகுதியினின்று மேற்கே குடிபெயர்ந்தோர் எழுதிவைத்த நாட்குறிப்புகளே எம் பொருள்.

1840க்கும் 1869க்கும் இடையில் லட்சக்கணக்கான மக்கள் எருது பூட்டிய வண்டிகளில் மிசௌரி ஆற்றைக் கடந்து, ஆரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய இடங்களுக்குச் சென்றனர். ஆரிகன் செல்வோருக்குப் பாதை சுமார் 2,000 மைல். ஐந்தாறு மாதப் பயணம். அவர்களுட் பலர் இரவில் கூடார வெளிச்சத்தில் நாலு வரி எழுதிவிட்டே படுத்தனர்.

அவர்களுள் எம் மனத்திற்கு மிக நெருங்கியவர் வில்லியம் கிளேடன். 1814இல் இங்கிலாந்தில் பிறந்தவர், எழுத்தர். மார்மன் சமயத்தைச் சார்ந்தவர். இல்லினாய் மாநிலத்து நாவூ நகரை விட்டு அச்சமயத்தார் வெளியேற நேர்ந்த 1846ஆம் ஆண்டில் அவரும் புறப்பட்டார். மனைவியருள் ஒருவரை (அக்காலத்தில் அவர்களிடையே பலதார மணம் உண்டு) நிறைமாதக் கர்ப்பிணியாக ஊரிலேயே விட்டுச் சென்றார். மார்ச்சு 30இல் குழந்தை பிறந்தது. ஐயோவாவில் சேற்று வழியில் இருந்த தந்தைக்குச் செய்தி எட்டியது ஏப்ரல் 15இல். பதினாறு நாட்கள்! ஊரிலிருந்து கடிதம் எதிர்பார்த்துத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்த தாய்மார்கள் இவ்வவையில் உள்ளனர். அவர்களுக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.

மறு ஆண்டு முன்னணிக் கூட்டத்தோடு அவர் சென்றார். நாள்தோறும் எவ்வளவு தூரம் கடந்தோம் என்பதில் ஓயாத வழக்கு. ஒருவர் பதின்மூன்று மைல் என்பார். மற்றொருவர் பதினான்கு என்பார். கிளேடனுக்கு இம்மதிப்புகள் மிகையென்றே பட்டது. ஒரு வண்டிச் சக்கரத்தை அளந்தார். சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். 1847 மே 8ஆம் நாள் அச்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து, பகல் முழுதும் எண்ணினார்: 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலுக்கு மேல் இருபது சுற்று! அந்த இருபதையும் விடாமல் குறித்தாரே, அவரன்றோ எழுத்தர்! பின்னர் மரப் பற்சக்கரங்களால் ஒரு தூரமானி செய்து வண்டியிற் பொருத்தினர். அவ்வளவைகளைக் கொண்டு அவர் வெளியிட்ட வழிகாட்டி நூல் 1848இல் அச்சாயிற்று.

அவர் குறிப்பிலே மைல்கள் மட்டும் இல்லை. கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்துத் தலைவர் வைத்ததும் உண்டு. மே 29ஆம் நாள், ஓயாமற் சீட்டாடியும் கூத்தாடியும் பொழுது போக்குகின்றீர் என்று தலைவர் பிரிகாம் யங் எல்லோரையும் கடிந்துகொண்டதும் விரிவாக உள்ளது. (சங்கக் கட்டடத்தின் பின்புறத்து அன்பர்கள் பொறுத்தருள்க.)

இனி ஓர் இல்லத்தரசி. அமீலியா நைட் என்பார் 1853 ஏப்ரல் 9இல், கணவரோடும் ஏழு மக்களோடும் ஐயோவாவிலிருந்து புறப்பட்டார். அவர் எழுதுவன மழை, நனைந்த படுக்கை, துணி துவைத்தல், சமையல், நோய். ஓர் ஆற்றுத்துறையில் மகள் லூசியை மறந்து விட்டுவிட்டு வண்டிகள் பல மைல் சென்றுவிட்டன; பின்னே வந்த வேறொரு கூட்டத்தார் அச்சிறுமியைக் கொண்டுவந்து சேர்த்தனர். பெயரறியாதாரும் ஒருவர்க்கொருவர் காவலாயிருந்த சமுதாயத்தை இதனினும் தெளிவாக எந்த வரலாற்றாசிரியர் காட்டுவார்? தாம் கருவுற்றிருப்பதாகப் பயணம் முழுதும் அவர் வெளிப்பட எழுதவில்லை. ஆரிகனை அடைந்தபின் எட்டாவது குழந்தை பிறந்ததென்று முடிவில் வருகின்றது. இரண்டு ஜோடி எருதுகளைக் கொடுத்து நிலமும், அரை ஏக்கர் உருளைக்கிழங்கும், சன்னலில்லாத மரக்குடிலும் பெற்றனர் என்பதோடு குறிப்பு நிற்கின்றது.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். எவருடைய நிலத்தின்மீது இவ்வண்டிகள் உருண்டனவோ, அப்பழங்குடி மக்களின் நெஞ்சம் இவ்வேடுகளில் இல்லை.

1869 மே 10இல் யூட்டாவில் இருப்புப்பாதைகள் இணைந்தன. மாதக் கணக்கான வழி ஒரு வாரத்து வழியாயிற்று.

நம் கதைக்கு வருவோம். சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தை யாம் புரட்டினோம். தீர்மானங்கள் உள்ளன, சந்தா பாக்கி உள்ளது. இக்காலனிக்கு முதலில் வந்த குடும்பங்கள் எதை உண்டன, எவர் நோய்க்கு எவர் உதவினர் என்று ஒரு வரியும் இல்லை.

எம் தந்தையார் லோகோ ஷெட்டில் பணிபுரிந்தவர். ஆண்டுதோறும் ஒரு கைக்குறிப்பேடு எழுதினார். 2009இல் குவார்ட்டர்ஸ் மாறியபோது, அவற்றைப் பழைய செய்தித்தாள்களோடு யாமே எடைக்குப் போட்டோம். இருபத்தாறு ரூபாய் கிடைத்தது. அத்தொகை நினைவிருக்கின்றது; ஏடுகள் எத்தனையென்று நினைவில்லை. சென்ற பொங்கலின்போது தகரப் பெட்டியின் அடியில், பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்த ஒரே ஒரு தாள் அகப்பட்டது. 1978ஆம் ஆண்டினது.

“ஜி.டி. ஒன்பது மணி தாமதம். ஊர் அரிசி வந்தது. தங்கைக்கு மணியார்டர் ஐம்பது. மூன்றாம் லைனில் இரவு இரண்டரைக்கு ஆண் மகவு. இவள் துணைக்குச் சென்று விடியலில் வந்தாள். நல்ல மழை.”

அன்று பிறந்தவர் இதோ இரண்டாம் வரிசையில் தம் மகளோடு அமர்ந்திருக்கின்றார். பிறந்த நேரம் தம் அன்னையாருக்கும் நினைவில்லையென்று ஒருமுறை வருந்தியவர் அவர். அத்தாளை அவரிடம் கொடுக்கவே கையோடு எடுத்து வந்தோம்.