சம்பளத்தைப் பற்றிக் கதைப்போம்

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவியருக்கும் அண்மையில் பாடசாலையை விட்டுச் சென்றோருக்கும் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலை எங்களுக்குக் கணிதமும் ஆங்கிலமும் பண்ணிசையும் வலைப்பந்தாட்டமும் கற்றுத் தந்தது. காசைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதை ஒருவரும் சொல்லித்தராமலே நாங்களாகக் கற்றுக்கொண்டோம். திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய்க்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லி விடாமல் நிற்கும் அம்மாவின் பிள்ளை, நேர்முகத் தேர்வில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்கிறாள்.

பதினைந்து வருடங்களாக நான் அந்த மேசையின் மற்றப் பக்கத்தில், ஆட்களைச் சேர்க்கும் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே நடப்பது இதுதான். விளம்பரம் போடுவதற்கு முன்னரே, இந்தப் பதவிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று பெரும்பாலும் முடிவாகியிருக்கும். கேட்காதவருக்கு அதில் அடித்தொகை போகும். மரியாதையாகக் கேட்டதற்காக ஒருவருடைய வேலையைத் திருப்பி எடுத்ததை நான் கண்டதில்லை. "முடியாது" என்பார்கள், அவ்வளவுதான். ஆண்டுச் சம்பள உயர்வு வீதக் கணக்கில் வருவதால், தொடக்கத்தில் விட்ட குறை வருடா வருடம் கூடவே வளரும்.

அனுபவம் இல்லாதவள் எதைக் காட்டிக் கேட்பது? செய்ததைக் காட்டுங்கள். மாமாவின் கடைக்கு ஒரு வருடம் கணக்கு எழுதியிருந்தால் அது வேலைதான். பயிற்சிக் காலத்தில் செய்த திட்டம், சித்தியடைந்த தொழிற்சார் பரீட்சைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு வாடிக்கையாளருடன் கதைக்கக்கூடியவரைத் தேடி நிறுவனங்கள் அலைகின்றன. வீட்டுக் கஷ்டத்தை மட்டும் காட்டிக் கேட்காதீர்கள். வெள்ளவத்தையில் அறை வாடகை எவ்வளவு என்பது நீங்கள் கணக்குப் போட வேண்டியது, அவர்களுக்குச் சொல்ல வேண்டியதல்ல. அதே துறையில் இருக்கும் பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேரிடம் முன்னரே விசாரியுங்கள். சங்கம் வேறு எதற்கு இருக்கிறது? பிறகு, "இந்தப் பொறுப்புக்கு 80,000 தொடக்கம் 90,000 வரை எதிர்பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதன் பின் வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே தொகையைக் குறைத்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான இடம். 80,000 என்று வாயால் சொல்வார்கள். நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 40,000, மிகுதி பயணப்படி, ஊக்குவிப்புப்படி என்று இருக்கும். கையில் வருவது ஒன்றுதானே என்று கையொப்பம் வைப்போம். ஒன்றல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். வாழ்க்கைச் செலவுப்படியும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. பயணப்படி போன்றவற்றைச் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். 40,000க்கு முதலாளியின் பங்கு மாதம் 6,000 ரூபா. முழு 80,000க்குமாக இருந்தால் 12,000. வருடத்துக்கு 72,000 ரூபா உங்கள் பெயரில் சேராமல் போகிறது. உங்கள் 8 வீதமும் கூடுவதால் கையில் வருவது சற்றுக் குறையும்தான். ஆனாலும் அது உங்கள் பணம், உங்கள் கணக்கில் இருக்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. அதுவும் இதே அடிப்படையை வைத்துத்தான். ஆகவே தொகையைக் கூட்ட முடியாது என்று சொன்னால், "அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை. 2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் இது முடியும் என்று எல்லோரும் கண்டுகொண்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் போய் அறை எடுக்க முடியாததால் வேலையையே விட்ட பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். ஆனால் முதல் நாளிலிருந்தே முழுமையாக வீட்டில் என்று கேட்பதை நான் விரும்புவதில்லை. புதியவர் பக்கத்து மேசையைப் பார்த்துத்தான் வேலை பழகுவார். தகுதிகாண் காலத்தில் அலுவலகம், அதன் பின் வீடு, மாதத்தில் சில நாட்கள் கொழும்பு என்று கேளுங்கள். கொடுக்கவும் அவர்களுக்கு இலகு. மடிக்கணினி யாருடையது, இணையக் கட்டணம் யார் கட்டுவது, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, எத்தனை மணி வரை அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், இவை எல்லாம் எழுத்தில் வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று சொன்ன மேலாளர் பிறகு வேறு நிறுவனத்தில் இருப்பார்.

வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் உங்களை ஊழியராக அல்ல, ஒப்பந்தக்காரராகத்தான் எடுக்கும். சேமலாப நிதி இல்லை, சம்பளத்துடன் லீவு இல்லை. இங்கே காரியாலய ஊழியருக்கு முழு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. அந்த 15 வீதத்தையும் இந்த 21 நாளையும் சேர்த்தால், உள்ளூர்ச் சம்பளத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்வாசி கூட வாங்கினால்தான் இரண்டும் சமம். சம்பளம் டொலரிலா ரூபாவிலா என்றும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது.

இன்னொரு பேரம் இருக்கிறது. அது அம்மாவுடன். பிள்ளை வீட்டில்தானே இருக்கிறாள் என்று அம்மம்மாவின் கிளினிக், காஸ் சிலிண்டர், வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி எல்லாம் உங்களிடம் வரும். தம்பி வீட்டிலிருந்து வேலை செய்தால் அறைக்கதவு பூட்டியிருக்கும், தேத்தண்ணி உள்ளே போகும். இங்கே வந்திருக்கும் அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிரிக்கிறீர்கள், ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலையை ஆறு மாதத்தில் விட்ட பிள்ளைகளோடு கதைத்தால், நிறுவனத்தை விட இந்தக் கதையைத்தான் கூடுதலாகச் சொல்வார்கள். எட்டரை தொடக்கம் ஐந்து மணி வரை நான் வீட்டில் இல்லை என்று, முதல் சம்பளம் வருவதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

நியமனக் கடிதம் கிடைத்தவுடன் கையொப்பமிடத் தேவையில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டால் தருவார்கள். அந்த இரண்டு நாளில் இந்த மண்டபத்தில் இருக்கும் அக்கா ஒருவரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். என்னிடமும் அனுப்பலாம், அடிப்படைச் சம்பளம் இருக்கும் வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை வெகுநேரமாகக் கையை உயர்த்திக்கொண்டிருக்கிறாள். கேளுங்கோ அம்மா.