ஆய்வுக்கூடத்திற்குத் தரச் சான்று எதற்கு?

ஒரு விளையாட்டு வீரர் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பதக்கம் பெறுகிறார். அவருடைய சிறுநீரில் ஊக்கமருந்து இருந்ததாக ஓர் ஆய்வுக்கூடம் ஒரு வரி எழுதினால் போதும், பதக்கமும் போகும், பெயரும் போகும். அந்த வரியை எழுதும் தகுதி ஆய்வுக்கூடத்திற்கு எப்படி வருகிறது?

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது வீரர்களின் மாதிரிகளைச் சோதித்தது, பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டு மையம்தான்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் பழக்கமே வேறு. மாணவர் வருவார், பட்டம் பெற்றுப் போவார்; எந்தத் தராசில் நிறுத்தார் என்ற விவரம் அவருடைய நோட்டுப் புத்தகத்தோடு போய்விடும். புதியதைக் கண்டுபிடிப்பதே அங்கு பெருமை. 1999-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 17025 தரமோ வேறொன்றைக் கேட்கிறது. தராசு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? சோதனை செய்தவர் அதற்குப் பயிற்சி பெற்றவரா? முடிவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கலாம்? அனைத்துக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வெறும் காகித வேலை என்று ஆய்வாளர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், வீரரின் வழக்கறிஞர் கேள்வி கேட்கும் நாளில் அந்தக் காகிதம்தான் பேசும்.

மலேசியாவில் இந்த அங்கீகாரத்தை 'சாம்' திட்டத்தின் கீழ் மலேசியத் தர நிர்ணய இலாகா வழங்குகிறது. ஊக்கமருந்துச் சோதனைக்கு அது மட்டும் போதாது. 'வாடா' எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமும் ஏற்க வேண்டும். மாதிரி இரண்டு குப்பிகளில், பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் வரும். முதல் குப்பியின் முடிவை ஏற்காத வீரர், தம் முன்னிலையில் இரண்டாவதைத் திறக்கக் கோரலாம். ஆய்வுக்கூடத்தைச் சோதிக்கவே வாடா அனுப்பும் மாதிரிகளும் இடையில் கலந்து வரும். எது வீரருடையது, எது பரீட்சை என்று தெரியாது.

ஒருமுறை பெற்ற அங்கீகாரம் நிரந்தரமன்று. 2019 ஆகஸ்டில் புதுடில்லி தேசிய ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தை வாடா நிறுத்தி வைத்தது. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில்தான். இடைக்காலத்தில் இந்திய வீரர்களின் மாதிரிகள் வெளிநாடு போயின.

பினாங்கு மையமும் ஒரு காலத்தில் வாடா பட்டியலில் இருந்தது. இன்று இல்லை. மலேசிய வீரர்களின் குப்பிகளும் கடல் கடந்துதான் செல்கின்றன.